முனியாயி தேடிய அகலச் சட்டி

அந்த வருஷம் போடிநாயக்கனூர் பஜாரில் என்னைப் பார்த்துச் சிரிக்காத பாத்திரக்கடைக்காரர் ஒருவரும் இல்லை. பொதிமாட்டுக்காரன் சின்னமுத்து வந்தால் அரிசி கேட்பான், உப்பு கேட்பான், போயிலை கேட்பான் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். நான் போய், ஆவி வெரசாக வெளியே ஓடிப்போகிற மாதிரி ஒரு சட்டி வேண்டும் என்று நின்றேன். ஆவி உள்ளே நிற்கத்தானே உலகத்தில் எல்லாரும் பாத்திரம் வாங்குகிறார்கள்? மலைக்காற்று மண்டைக்குள் புகுந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கடைத் தவலைகளை எல்லாம் தெருவில் உருட்டிவிட்டிருப்பேன். அவரைச் சொல்லி என்ன? என்னை அப்படிக் கொண்டுபோய் நிறுத்தியவள் என் அக்கா முனியாயி.

ஜெர்மன் சண்டைக்கு ஏழெட்டு வருஷம் முந்தி நடந்தது இது. அக்காவுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. எங்களுக்கு ஊர் ராசிங்காபுரம். மழை பொய்த்த ஒரு வருஷம் அவளும் அவள் புருஷனும் கங்காணியிடம் பெயர் கொடுத்துவிட்டு ஏலத்தோட்டத்துக்கு மலையேறினார்கள். கூலியாட்கள் குடியிருக்கிற தோட்டத்து லயம் பள்ளத்தில், ஓடைக்கரையில் இருந்தது. ஏலச்செடிக்கு நிழலும் ஈரமும் வேண்டும்; மனுஷனுக்கு அது ஆகாது. மலைக்காய்ச்சலில் மூத்த பிள்ளை மூன்று வயதில் போனது. அடுத்தது பல் முளைப்பதற்கு முன்பே போனது. இரண்டையும் லயத்துக்குப் பின்னால்தான் புதைத்தோம். அதற்கப்புறம் கண்டிச்சீமைத் தேயிலைக்குப் போகிறேன் என்று கிளம்பிய புருஷன் போனவன் போனவன்தான். கடுதாசியும் இல்லை, ஆளும் இல்லை. அவன் போகிறபோது அக்கா மாசமாக இருந்தாள்.

அப்படி வயிறும் கையுமாக நின்றவளைத் தோட்டத்துத் துரை பங்களா அடுப்படிக்குச் சேர்த்துக்கொண்டவள் பழைய துரைசானி. பங்களா ஏலக்காட்டுக்கு வெகு மேலே, மரம் மட்டை இல்லாத புல்மேட்டில் இருந்தது. எந்நேரமும் காற்று பேயாக அடிக்கும். ஆனால் காய்ச்சல் அந்த உயரத்துக்கு ஏறி வராது. அடுப்படிக்குப் பின்னால் ஒரு கல் அறை; அதில்தான் வேலுத்தாய் பிறந்தாள். இரண்டு வயது ஆகிறவரைக்கும் அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள்கூடக் காய்ச்சல் என்று வந்ததில்லை. அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அந்த அறையில் இருந்தால் பிள்ளை பிழைக்கும், கீழே இறங்கினால் பிழைக்காது.

அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சின்ன வயசிலேயே அப்படி. சோறு தின்கிறபோதும் ஒரு கால் வாசலைப் பார்த்துத்தான் இருக்கும். இரண்டைப் பறிகொடுத்த பிறகு அது இன்னும் கூடிப்போயிற்று. பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருப்பாள், பாதியில் எழுந்துபோய்ப் பிள்ளையைப் பார்ப்பாள், வருவாள், மறுபடி போவாள். அந்தக் கை காலை எல்லாம் ஒரு இடத்தில் கட்டிப்போட்டது பழைய துரைசானி காய்ச்சிய ஜாம் ஒன்றுதான். ஓடைச்சரிவு முட்புதரில் மாசி பங்குனியில் சிவப்பாக ஒரு பழம் பழுக்கும், சிறு மணிகளைக் கோத்து ஒட்டவைத்த மாதிரி இருக்கும். முள்ளுப்பழம் என்போம். அதைச் சீனி போட்டுக் காய்ச்சிக் கண்ணாடி ஜாடியில் அடைத்தால் ஒரு வருஷம் கெடாது. கிண்டுகிற ஒரு நாழிகையும் அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் அடிப்பிடிக்கும். அக்கா நின்றாள், கற்றுக்கொண்டாள். கடைசி வருஷம் துரைசானி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சியது முழுக்க அக்காதான். அக்கம்பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் வந்தால் அதைத் தின்றுவிட்டு, யார் கைப்பக்குவம் என்று கேட்பார்களாம்.

பழைய துரைசானி ஒரு மார்கழியில் சீமைக்கே போய்விட்டாள். அவளைத் தூக்கிப்போன டோலி மறைவதற்குள் ரைட்டர் கண்ணுச்சாமி வந்து நின்றார். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை அவர்தான், பங்களாச் சாவியும் அவரிடம்தான். மாசிக் கடைசியில் புதுத் துரையும் துரைசானியும் வருகிறார்கள், சமையலுக்கு மதுரையிலிருந்து ஆள் ஏற்பாடாகியிருக்கிறது, அதற்குள் அறையைக் காலிசெய்துவிட்டு லயத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்றார். அக்கா அழவில்லையாம். அவர் பின்னாலேயே ஆபீஸ்வரைக்கும் நடந்து, அங்கே ஒரு மணி நேரம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாளாம். மதுரைச் சமையல்காரனுக்கு ஜாம் காய்ச்சத் தெரியாது, எனக்குத் தெரியும். துரைசானி வந்து இறங்குகிற அன்றைக்கு மேசையில் ஜாம் இருக்கும். தின்றுபார்த்து, வேண்டாம் என்றால் அப்போதே இறங்கிவிடுகிறேன். இதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். கண்ணுச்சாமியும் அந்த ஜாமைத் தொட்டு நக்கிய ஆள்தானே, சரி என்று தலையாட்டிவிட்டார்.

வாக்குக் கொடுத்தாயிற்று. அடுப்படிக்குள் போய்ப் பார்த்தால் அங்கே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. செம்புச் சட்டி, தராசு, ஜாடி, வடிகட்டுகிற துணி, எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டாள் அந்த மகராசி. மரக்கரண்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. கடல் தாண்டிப் போகிறவளுக்கு ஒரு மரக்கரண்டி எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. சீமையில் மரமா இல்லை?

நான் அரிசிப் பொதியோடு ஏறியபோது அக்கா பாதையிலேயே எதிரில் வந்து பிடித்துக்கொண்டாள். பொதியை அவிழ்க்கக்கூட விடவில்லை. என்னென்ன வேண்டும் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள். முதலில் சட்டி. வாய் அகலமாக, அடி தட்டையாக, உயரம் குறைவாக இருக்க வேண்டும். குறுகிய வாய்ப் பானையில் போட்டால் தண்ணீர் வற்றுவதற்குள் பழம் வெந்து கருகி வாசனை போய்விடும்; அகலமாக இருந்தால் கொதித்த சூட்டில் வற்றிவிடும். அப்புறம் மரக்கரண்டி, முழங்கை நீளத்துக்குப் பிடியோடு. கொட்டாங்கச்சி அகப்பை கூடாது. பிடி குட்டையாக இருந்தால் பாகு தெறித்துக் கை வெந்துபோகும். விதையை வடிக்க மல்துணி. பழமும் சீனியும் ஒரே எடையாகப் போடத் தராசு. அடைத்துவைக்க வாயகன்ற கண்ணாடிப் புட்டி. பதம் பார்க்க ஒரு பீங்கான் தட்டு. பாகில் ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு விரலால் தள்ளினால் சுருங்க வேண்டும்.

"ரெண்டு மாசந்தான் இருக்கு. வெரசா கொண்டா, தம்பி," என்றாள். எனக்கு வேறு சோலி இல்லை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வேலுத்தாய் அவள் இடுப்பில் இருந்துகொண்டு என் தலைப்பாகையை இழுத்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

சின்னச் சாமான்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பலாக்கட்டையில் நானே கரண்டி செதுக்கினேன், மலையடிவாரத்து முந்தலில் மாடுகள் இளைப்பாறுகிறபோது. மல்துணி ஒரு முழம் வாங்கினேன். போடி ஆஸ்பத்திரியில் கம்பவுண்டரைக் கெஞ்சிக் கூத்தாடி, வாயகன்ற மருந்துப் புட்டி ஆறு வாங்கிவந்தேன். அவற்றைச் சாம்பல் தண்ணீரில் மூன்று தரம் அவித்தும் மருந்து வாடை போகவில்லை, நாலாம் தரம்தான் போயிற்று. தராசை ஏலக்காய் ஸ்டோரிலிருந்து ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கண்ணுச்சாமி விட்டுக்கொடுத்தார். பீங்கான் தட்டு பங்களாவிலேயே ஓரம் உடைந்தது ஒன்று கிடந்தது. சட்டிதான் கிடைக்கவில்லை.

பாத்திரக்கடைகளில் இருந்ததெல்லாம் குண்டான், தவலை, அண்டா, போகணி. எல்லாம் வயிறு பெருத்து வாய் சிறுத்த சாதி, இல்லாவிட்டால் உயரம் கூடின சாதி. ராசிங்காபுரத்தில் வெல்லம் காய்ச்சுகிற ஆலைக்குக்கூடப் போய்ப் பார்த்தேன். அங்கே கொப்பரை அகலமாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் தூக்க நாலு ஆள் வேண்டும். இரும்பு வேறு, புளிப்புப் பட்டால் பழம் மையாகக் கறுத்துவிடும். ஒவ்வொரு தரமும் வெறுங்கையோடு மேலே போவேன். நான் பொதியை இறக்கும் முன்னாலேயே அக்கா சாக்கைத் தடவிப்பார்ப்பாள். பார்த்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம்.

மாசி முடிகிற சமயத்தில் போடியில் ஒரு கல்யாணச் சமையல்காரர் வீட்டுக் கொல்லையில் அதைப் பார்த்தேன். பித்தளை அகலச் சட்டி, இரண்டு பக்கமும் காது, அடி தட்டை. உள்ளே பூசின ஈயம் தேய்ந்துபோய்ப் பித்தளை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அதன்மேல் ஆசை போய்விட்டது, ஆனால் சும்மா கொடுக்க மனசில்லை. என் முன்மாட்டின் கழுத்தில் கிடந்த வெண்கல மணிப்பட்டையைப் பார்த்தார். என் அய்யா கட்டிய மணி அது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் பின்மாடுகள் மூடுபனியில் வழி தப்பாமல் ஏறும். ஒரு நிமிஷம் யோசித்தேன், கழற்றிக் கொடுத்துவிட்டேன். அதற்கு அந்தத் தடவையே பலனும் கிடைத்தது. மலைப்பாதையில் புலியூத்துக்கு மேலே பனி இறங்கிய இடத்தில் கடைசி மாடு தடம் மாறிச் சரிந்து, உமிக்குள் பொதிந்துவைத்திருந்த புட்டிகளில் இரண்டு நொறுங்கின.

அதற்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். என் வாழ்க்கையில் இதைவிட அக்கறையாக எதையும் செய்ததில்லை. இதைவிடக் கேடாகவும் செய்ததில்லை. ஈயம் போன பித்தளையில் புளிப்பை வேகவைத்தால் களிம்பு ஏறும், தின்றவன் வாந்தி எடுத்தே சாவான். இது எங்கள் பக்கம் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ரசம் வைக்கிற பாத்திரத்துக்கே வருஷத்துக்கு இரண்டு தரம் ஈயம் பூசுகிறவர்கள் நாங்கள். பிள்ளையும் துரைசானியும் தின்கிற பண்டம் வேறு. நேரே ஈயம் பூசுகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்தேன். அவர் சட்டியைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, புகை மூக்கைப் பிய்க்க, ஈயத்தை உருக்கிப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தார். உள்பக்கம் பளபளவென்று ஆகி என் முகமே அதில் தெரிந்தது. இரண்டாம் தரமும் துடைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அக்காவும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், அதையும் சொல்லிவிடுகிறேன். குற்றம் என் ஒருத்தன் தலையில் மட்டும் இல்லை. பழைய துரைசானி ஈயமே பூசாத வெறும் செம்பில் காய்ச்சுவாளாம். வெள்ளைக்காரர்களுக்குப் பாத்திர சுத்தம் போதாது என்று அக்கா மனசுக்குள் நினைத்துக்கொண்டே ஒவ்வொரு தரமும் புளி போட்டுத் துலக்குவாளாம். "இதுதான் பாத்திரம்," என்று சட்டியின் காதைத் தடவினாள். ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அவள் பல்லைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் கண்ணுச்சாமி வந்து, துரை குடும்பம் போடி வந்து சேர்ந்துவிட்டது, நாளை மத்தியானத்துக்குமேல் டோலியில் இங்கே வந்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா பழம் பறித்துவைத்திருந்தாள். நிறுத்தாள், வடித்தாள், சீனியைக் கொட்டி அடுப்பில் ஏற்றினாள். முதலில் நுரை ரோஜா நிறத்தில் பொங்கியது. பிறகு ஓரமாக ஒரு நிறம் இறங்க ஆரம்பித்தது. அவுரிச் சாயத்தைக் கரைத்துவிட்ட மாதிரி நீலமும் கறுப்புமாகப் பரவி, பதம் வருகிறபோது சட்டி முழுக்கச் செத்த நிறம். தட்டில் விட்ட சொட்டு நன்றாகத்தான் சுருங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை.

அக்கா கரண்டியை வைத்துவிட்டு வெளியே போனாள், உள்ளே வந்தாள், மறுபடி வெளியே போனாள். நான்காவது தரம் உள்ளே வந்தபோது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. எப்போதோ ஒரு தரம் ஈயம் பூசின கரண்டியை அவள் செம்புச் சட்டிக்குள் விட்டபோது துரைசானி வெடுக்கென்று பிடுங்கி எறிந்தாளாம். எச்சில் கரண்டி என்று நினைத்துப் பிடுங்குகிறாள் என்று அக்கா எடுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பழத்துச் சிவப்புக்கு ஈயம் ஆகாது. எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் அது உறைத்தது.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். மணிப்பட்டை போச்சு, புட்டி போச்சு, இரண்டு மாச அலைச்சல் போச்சு, நானே என் கையால் பூசிக்கொண்டு வந்து என் அக்காவை மலையிலிருந்து இறக்கிவிட்டேன் என்று வாய்விட்டுப் புலம்பினேன். அவள் என்னைத் தேற்றவில்லை. அந்தக் கருநீலத்தைக் குழியில் கொட்டினாள். வெறும் சட்டியைக் கரித்தணலில் ஏற்றி, பூசின ஈயம் மறுபடி உருகுகிறவரைக்கும் காய்ச்சி, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு துடைத்துத் துடைத்து எடுத்தாள். அப்புறம் செங்கல் பொடி, புளி, சாம்பல். பொழுது சாய்கிறபோது சட்டி மஞ்சளாக, வெறும் பித்தளையாக இருந்தது. அவள் உள்ளங்கையில் இரண்டு இடத்தில் தோல் வழன்றிருந்தது.

வெறும் பித்தளையில் புளிப்பைக் காய்ச்சி ஊட்டி, வந்து இறங்கப்போகிற துரைசானியைக் கொல்லப் பார்க்கிறாயா என்று சண்டைக்குப் போனேன். அவள் சாம்பல் கையோடு திரும்பிப் பார்த்தாள். சட்டியில் தங்கினால்தான் களிம்பு ஏறும், பழைய துரைசானி ஒரு நாளும் தங்கவிட்டதில்லை. கொதி அடங்கும் முன்னாலேயே புட்டிக்கு மாற்றிவிடுவாள் என்றாள். அப்படியும் எனக்கு மனசு ஆறவில்லை.

விடிந்தும் விடியாததுமாக இரண்டு பேரும் பங்களாவை ஒட்டின மேல்சரிவில் இறங்கி முட்புதருக்குள் புகுந்தோம். கிட்டத்தில் இருந்ததையெல்லாம் முதல் தரம் காய்ச்சுவதற்கே பறித்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஓடைக்கு அந்தப் பக்கம்தான். கையெல்லாம் கீறல். வேலுத்தாய் கரையில் உட்கார்ந்து, நாங்கள் வைத்த கூடையிலிருந்து எடுத்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். அதற்கும் சேர்த்துப் பறித்தோம். வெயில் ஏறுவதற்குள் அக்கா இரண்டாம் தரம் அடுப்பு மூட்டினாள். இந்தத் தடவை நிறம் கடைசிவரைக்கும் சிவப்பாகவே நின்றது. பதம் வந்ததும் ஒரு மூச்சுக்கூட நிற்காமல் இறக்கி நாலு புட்டியிலும் ஊற்றினாள். வெள்ளைத்தாளை முட்டை வெள்ளைக்கருவில் நனைத்துப் புட்டி வாயில் ஒட்டி நூல் கட்டினாள். கரண்டியில் ஒட்டியிருந்ததை முதலில் அவளே வழித்துத் தின்றாள். பிள்ளைக்குக் கொடுக்கவில்லை, எனக்கும் கொடுக்கவில்லை. மத்தியானம்வரைக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றைப் பிடிப்பாளோ, குமட்டுவாளோ என்று எனக்கு ஒரு நிலையில் இருப்புக்கொள்ளவில்லை. அவள் பாட்டுக்கு அடுப்படியை மெழுகிக்கொண்டிருந்தாள்.

டோலிகள் வந்தன. துரை குதிரையில் வந்தார். முதல் டோலியில் புதுத் துரைசானி, சின்ன வயசுப் பெண், வழி நெடுக அழுத கண். இரண்டாவது டோலியில் ஒரு ஆயா, அவள் மடியில் கம்பளிக்குள் ஒரு கைக்குழந்தை. குழந்தை இருக்கிறது என்று கண்ணுச்சாமி எங்களிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரியாதோ என்னவோ.

சாயந்திரம் தேத்தண்ணியோடு ரொட்டியும் ஜாமும் போயிற்று. நானும் அக்காவும் பின்வாசலில் நின்றோம். துரைசானி கத்தி முனையில் எடுத்துத் தடவினாள், ஒரு வாய் தின்றாள். இரண்டாவது தரம் கத்தியை விட்டுக் கரண்டியால் எடுத்தாள். யார் காய்ச்சியது என்று கேட்டாள். கண்ணுச்சாமி அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தினார். எந்தச் சட்டியில் என்று கேட்டாள். அக்கா சட்டியையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். துரைசானி உள்ளே விரலை விட்டுத் தடவிப்பார்த்து, முகம் மலர்ந்து என்னவோ சொன்னாள். ஈயம் இல்லாத பாத்திரத்தில் காய்ச்சத் தெரிந்த ஆள் இந்தக் காட்டில் கிடைப்பாள் என்று நினைக்கவில்லை என்கிறாள் என்று கண்ணுச்சாமி எடுத்துச் சொன்னார். மதுரை ஆள் மேல்வேலை பார்க்கட்டும், இவள் அடுப்படியில் இருக்கட்டும், அறையும் இவளுக்கே. இதையும் அவர்தான் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தலைப்பாகையை அவிழ்த்துத் துடைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வேலுத்தாய், அம்மாவைக் காணோமே என்று கதவைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி உள்ளே வந்தாள். வாயெல்லாம் பழச்சிவப்பு.

துரைசானி எழுந்துவிட்டாள். ஆயாவின் பக்கம் ஓடிக் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணுச்சாமியிடம் படபடவென்று பேசினாள். கோபம் இல்லை அதில். பயம். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அக்காவின் பக்கம் திரும்பிச் சொன்னார். கூலி லயத்துப் பிள்ளைகள் காய்ச்சலைச் சுமந்துகொண்டு வரும் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பியிருக்கிறாராம். துரைசானியுடைய முதல் குழந்தை கீழ்நாட்டில் காய்ச்சலில்தான் போனதாம். நீ இருக்கலாம், பிள்ளை மட்டும் இந்த வளவுக்குள் இருக்கக் கூடாது, லயத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்றார்.

அக்கா சட்டியைத் தரையில் வைத்தாள். "இவ கீழ பொறந்தவ இல்ல, இங்கதான் பொறந்தா. ஒரு நாளு கீழ எறங்குனதில்ல. அதச் சொல்லுங்க," என்றாள்.

அவர் சொன்னார். உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகவே எடுத்துச் சொன்னார். துரைசானி கேட்டுக்கொண்டே நின்றாள், தலையை மட்டும் ஆட்டினாள். முடியாது. மன்னிப்புக் கேட்கிற மாதிரிகூட ஏதோ சொன்னாள். கண்ணுச்சாமி அக்காவைத் தனியே இழுத்து, பிள்ளையைத் தம்பியோடு ராசிங்காபுரத்துக்கு அனுப்பு, ஆறு மாசம் போகட்டும், அவர்கள் மனசு மாறும், இப்படி ஒரு இடம் மறுபடி கிடைக்காது என்று குசுகுசுத்தார். நான்கூட ஒரு நிமிஷம், அதுவும் ஒரு வழிதான் என்று நினைத்தேன். ராசிங்காபுரத்துக்குப் போகிற பாதை லயத்தைத் தொடாது. ஆனால் அங்கேயும் அந்த வருஷம் காய்ச்சல் இருந்தது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"கீழ ரெண்டு கெடக்கு, அய்யா. மூணாவதுக்கு அங்க எடமில்ல," என்றாள் அக்கா.

அவ்வளவுதான் பேச்சு. கல் அறைக்குப் போய்ப் பாயைச் சுருட்டினாள். போகிறபோது ஆயாவிடம் மட்டும் நின்று, மேற்குப் பக்கத்து ஜன்னலைச் சாயந்திரம் திறக்காதே, அந்தக் காற்று பச்சைப்பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தாள். உனக்கு அறிவு இருக்கிறதா, உன் பிள்ளையை விரட்டுகிறவள் பிள்ளைக்கு ஜன்னல் சாத்துகிறாயா என்று பாதையில் கத்தினேன். "அவளும் ஒண்ணைக் குடுத்தவதானடா," என்றாள். நான் மாட்டை அதட்டி ஓட்டினேன்.

நான் போடிக்கு இறங்கலாம் என்றேன். அவள் என் மாடுகளுக்கு முன்னால் நடந்துபோய் மலைப்பாதை உச்சியில், மெட்டில் நின்றுவிட்டாள். வெள்ளைக்காரன் ஆள்கிற நாட்டுக்கும் மலையாள ராஜா நாட்டுக்கும் எல்லை அது. சுங்கச் சாவடிக்காரர்களும் பொதிமாட்டுக்காரர்களும் தவிர ஒரு குடியும் அங்கே கிடையாது. குளிர் எலும்பைத் தொடும், ஆனால் உயரம் பங்களா உயரம்தான். மூங்கிலும் புல்லும் வெட்டி ஒரு குச்சு போட்டுக்கொடுத்தேன். ஏறி வருகிறவர்களுக்குக் கஞ்சியும் சுக்குத் தண்ணியும் காய்ச்சி ஊற்றிப் பிழைத்தாள். பழக்காலத்தில் தன் அடுப்பிலேயே ஜாமும் காய்ச்சினாள். இரண்டு வருஷம் கழித்து அந்தத் துரைசானியே ஆள் அனுப்பிக் கேட்டாள். கொடுக்காதே என்று குதித்தேன். இரண்டு புட்டி கொடுத்தனுப்பினாள். என் பேச்சை அவள் எப்போது கேட்டிருக்கிறாள்?

வேலுத்தாய்க்கு இப்போது இருபது தாண்டிவிட்டது. என் மூத்த மகனுக்குத்தான் கட்டினோம், அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. போன வாரம் இரண்டு பேரையும் ராசிங்காபுரத்திலிருந்து மெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மகள் குச்சுக்குள் தலையை நீட்டியதும், வா என்று கூப்பிடுவதற்கு முன்னாலேயே அக்கா புறங்கையை எடுத்து அவள் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் இல்லை, விடம்மா என்று வேலுத்தாய் சிணுங்கினாள். அக்கா கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, பேரனின் கழுத்தைத் தேடினாள்.